மணல் பிளந்து வந்த தர்தூத்

மார்ச் முதல் வாரம். சவூதியின் வடகிழக்கில், ஹஃபர் அல்-பாத்தின் பக்கம் நில அளவை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாலையே இல்லாத தரையில் எங்கள் வண்டியை ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், பாலைவன நாடோடிகளான பெதூயின் இனத்தவர். பாதி வழியில் திடீரென்று பிரேக்கை மிதித்தார். பின்னால் கிடந்த முக்காலி சரிந்து வந்து என் தோளில் இடித்தது. டயர் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நானும் இறங்கினேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலையோடு ஒரு ரிம்த் புதரை நோக்கி நடந்தார்.

ரிம்த் அந்த ஊர்த் தரையில் எங்கும் இருக்கும் குத்துச்செடி. முழங்கால் உயரம், இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, சாம்பல் பூத்த பச்சைக் குச்சிகள்தான். அதிலிருந்து நாலைந்து அடி தள்ளி மணல் லேசாக மேடிட்டு, விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலுக்குள்ளிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. வாழைப்பூ மடலின் நிறம். கம்பங்கதிரின் வடிவம், ஆனால் அதைவிடத் தடிமன். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் மூன்று. ஒன்று ஒரு சாண் உயரத்துக்கு வெளியே வந்து, முற்றி, கறுத்துப் போயிருந்தது.

"தர்தூத்" என்றார் பெரியவர். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊரில் முதல் நுங்கு இறக்கியதும் பனையேறி அப்படித்தான் சொல்வார்.

கறுத்ததை அவர் தொடவில்லை. தலை மட்டும் தெரிந்த இளசைச் சுற்றிக் கையாலேயே மணலைத் தள்ளினார். முழங்கை வரை உள்ளே போனது. மேலே கருஞ்சிவப்பாக இருந்தது கீழே போகப் போக வெளிறி, உடம்பெங்கும் சின்னச் சின்னச் செதில்களோடு நீண்டுகொண்டே போனது. அடிவரை தோண்டாமல், கை எட்டிய இடத்தில் மளுக்கென்று ஒடித்தெடுத்தார். குழியை மறுபடியும் மணல் தள்ளி மூடினார். பிறகு வண்டிக் கதவில் சாய்ந்தபடி, இடுப்புக் கத்தியால் தோலைச் சீவ ஆரம்பித்தார்.

தோல் சுருள் சுருளாக விழுந்தது. உள்ளே சதை வெள்ளையாக, ஓரங்களில் இளஞ்சிவப்பு ஏறி, நீர் கசிந்துகொண்டிருந்தது. விரல்நீளத் துண்டு ஒன்றை நறுக்கி, கத்தி முனையிலேயே நீட்டினார். "முஹந்திஸ், சாப்பிடு." அளவைக் கருவி தூக்குகிறவர்கள் எல்லோருமே அவருக்கு முஹந்திஸ், அதாவது இன்ஜினியர்தான்.

கடித்ததும் முதலில் தண்ணீர்தான் வாயில் நிறைந்தது. அப்புறம் மெல்லிய இனிப்பு. மெல்ல மெல்ல நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு ஏறியது. நாவல் பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதில் கால்வாசி. இளம் தர்தூத்தை ஆப்பிளோடு ஒப்பிடுவது அங்கே வழக்கம். எனக்கு ஆப்பிள் ஞாபகம் வரவில்லை. வாழைத்தண்டின் நறுக்கும் பச்சைப் பனங்கிழங்கின் சாறும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருந்தது. நான் ராமநாதபுரத்துக்காரன், எனக்கு எதைத் தின்றாலும் பனையில்தான் போய் முடியும்.

இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன். தின்று முடித்துக் கையைப் பார்த்தபோது விரல் நுனிகள் செம்பழுப்பாகியிருந்தன. அன்று சாயந்தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் முழுதாகப் போகவில்லை. பெரியவருடைய பாட்டி காலத்தில் இதன் சாற்றில் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவார்களாம்.

சரி, இது என்ன செடி? இலை இல்லை, பச்சை இல்லை, தனக்கென்று மண்ணில் ஊன்றித் தண்ணீர் தேடும் சாதாரண வேரும் இல்லை. வெயில் கொட்டிக்கிடக்கும் பாலைவனத்தில் இருந்துகொண்டு, வெயிலை வைத்து ஒரு துளி உணவுகூடத் தயாரிக்காத செடி இது. தாவரவியலில் இதற்குச் சைனோமோரியம் காக்ஸினியம் என்று பெயர். வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில், தடித்த கிழங்கு போன்ற தண்டாகவே கழிக்கும். அந்தத் தண்டிலிருந்து உறிஞ்சு உறுப்புகள் கிளம்பி, பக்கத்துப் புதரின் வேருக்குள் நுழைந்துவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாம் அந்த வேரிலிருந்துதான் வருகின்றன. நாம் மேலே பார்க்கும் கருஞ்சிவப்புத் தடி இதன் பூங்கொத்து. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூற்றுக்கணக்கான பூக்கள் நெருக்கியடித்து அதில் ஒட்டியிருக்கும். ஈக்கள் வந்து மகரந்தம் சுமந்துபோகும். விதை மிகச் சிறியது. அது மண்ணில் விழுந்தால் மட்டும் போதாது, ஏற்ற புதரின் வேர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஒட்டுண்ணி என்றால் நமக்கு உடனே முகம் சுளிக்கும். அது திட்டுவதற்கென்றே ஆகிவிட்ட சொல். மாமரத்தில் புல்லுருவி ஏறினால் கிளையோடு வெட்டிப் போடுகிறோம். புகையிலைத் தோட்டத்தில் வேரைப் பிடித்து முளைக்கும் ஒட்டுண்ணியைப் 'புகையிலைக் காளான்' என்று பெயர் வைத்து, கண்ட இடத்தில் பிடுங்கி எறிகிறோம். இவ்வளவு கோபத்துக்கு நடுவில் ஒன்றை மறந்துவிடுகிறோம். கோயிலில் அரைத்துப் பூசும் சந்தனமும் பாதி ஒட்டுண்ணிதான். அதற்குப் பச்சை இலை உண்டு, தன் சமையலைத் தானே செய்துகொள்ளும். ஆனால் தண்ணீருக்கும் தாது உப்புகளுக்கும் பக்கத்து மரத்தின் வேரைத்தான் பிடிக்கும். அதனால்தான் சந்தனக் கன்று நடும்போது கூடவே துவரை மாதிரி ஒரு துணைச்செடியையும் நடுகிறார்கள். சந்தனத்தை யாராவது ஒட்டுண்ணி என்று ஏசுகிறோமா? மணம் தருகிறது, ஏற்றுக்கொண்டோம். தர்தூத் சோறு தருகிறது, அந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சோறு என்று நான் மிகையாகச் சொல்லவில்லை. பெரியவர் சின்னப் பையனாக ஆடு மேய்த்த நாட்களில், வசந்தத்தில் காலை கிளம்பினால் சாயந்தரம்தான் கூடாரத்துக்குத் திரும்புவாராம். கையில் பேரீச்சம்பழம் கொஞ்சம், தோற்பையில் தண்ணீர். மற்றபடி மண் தருவதுதான். "பசிக்கும் இதுதான், தாகத்துக்கும் இதுதான்" என்றார். இளசாக இருக்கும்போது தோல் சீவிப் பச்சையாகத் தின்பதுதான் முதன்மையான வழி. முற்ற ஆரம்பித்தால் துவர்ப்பு ஏறிக் கசப்பும் சேர்ந்துவிடும். அப்போது நறுக்கிக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி வைத்துக்கொள்வார்கள். வயிற்று வலி வந்தால் அந்தத் தூளைக் கொதிநீரில் போட்டுத் தேநீர் போல் குடிப்பார்கள். மனிதர்கள் விட்டுவைத்ததை ஒட்டகம் தின்றுவிடும். ஒட்டகத்துக்கு இதன் மேல் அவ்வளவு ஆசை. நாங்கள் நின்றிருந்த இடத்திலேயே ஒன்றிரண்டு தடிகளின் தலை கடிபட்டிருந்தது.

எல்லா வருஷமும் இது கிடைக்காது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை பெய்யும் மழையை அங்கே வஸ்ம் என்கிறார்கள். அந்த ஐம்பத்துச் சொச்சம் நாட்களில் மண் நனைந்தால்தான் வசந்தத்தில் தரை விரியும். இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரிலும் கண்மாய் நிறைவது அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். அங்கே வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம், எங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு பெய்யும். ஆனாலும் அந்த மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பார்வை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மழை எத்தனை நாள் தள்ளிப்போனது, எந்தப் பக்கம் பெய்தது, எந்தப் பக்கம் ஏமாற்றியது என்று பெரியவர் சொல்லச் சொல்ல, என் தாத்தா கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

மழை பெய்த வருஷத்தில் தர்தூத் தனியாக வருவதில்லை. ஃபகா என்கிற மண்ணுக்கடிக் காளானும் அதே பருவத்தில் வரும். நகரத்துக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்கு ஓடுவது அதைத் தேடித்தான். சந்தையில் கிலோ நூற்றுக்கணக்கான ரியாலுக்குப் போகும். அப்புறம் தானூன். இதுவும் ஒட்டுண்ணிதான், ஆனால் தர்தூத்துக்கு உறவில்லை. மஞ்சள் பூக்கள் அடுக்கடுக்காக நிற்கும் தடித்த தண்டு அது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மணலில் மஞ்சள் விளக்கு நட்டுவைத்த மாதிரி இருக்கும். இதே இனம் நம் நாட்டில் ராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்திலும் கட்ச் பக்கமும் முளைக்கிறது. தானூன் கசக்கும். வேறு எதுவும் கிடைக்காதபோதுதான் அதைத் தின்றார்களாம். அழகு தானூனுக்கு, ருசி தர்தூத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபகா விற்கும் கடைகளுக்கு முன்னால், தரையில் சாக்கு விரித்துத் தர்தூத்தைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பதை அப்புறம் நானே பார்த்தேன். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஒருவர் கட்டைப் பிரித்து, அங்கேயே நின்று ஒன்றைச் சீவி, கூட வந்த பேரனிடம் நீட்டினார். பையன் வாயில் வைத்துவிட்டு முகத்தைக் கோணினான். தாத்தா அவன் தலையைத் தடவிவிட்டு மீதியைத் தானே தின்றார்.

இதே செடிக்கு மத்தியத்தரைக் கடலில் வேறொரு கதை இருக்கிறது. மால்டா நாட்டின் கோஸோ தீவில், துவேய்ரா விரிகுடாவின் வாயில் 60 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை நிற்கிறது. அதன் உச்சியில் தர்தூத் முளைக்கும். முன்பு மால்டாவை ஆண்டவர்கள் புனித யோவான் சபை என்கிற கிறிஸ்தவப் போர்ச்சபையின் வீரர்கள். இந்தச் செடியை அவர்கள் காளான் என்றே நினைத்து 'மால்டாக் காளான்' என்று பெயர் வைத்தார்கள். பாறைக்கும் காளான் பாறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பச்சை இல்லாமல் மண்ணிலிருந்து எது முளைத்தாலும் மனிதனுக்குக் காளானாகத்தான் தெரியும் போலிருக்கிறது, நம் புகையிலை விவசாயிக்கும் அப்படித்தானே தெரிந்தது.

இரத்த நிறத்தில் இருப்பதால் இரத்தத்தை நிறுத்தும் என்று அந்த வீரர்கள் நம்பினார்கள். ஒரு பொருளின் தோற்றமே அதன் மருந்துக் குணத்தைக் காட்டும் என்பது அன்றைய ஐரோப்பாவில் வலுவாக இருந்த எண்ணம். காயத்துக்கும் சீதபேதிக்கும் கொடுத்தார்கள், அரசர்களுக்குப் பரிசாக அனுப்பினார்கள். 1746-இல் சபைத் தலைவர் பிந்தோ பாறைக்கு யாரும் போகக் கூடாது என்று தடை போட்டார். ஏற முடியாதபடி பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழவழப்பாக்கினார்கள். கரைக்கும் பாறைக்கும் இடையே கயிறு கட்டி, அதில் தொங்கும் கூடையில்தான் போய்வந்தார்கள். 1652-இல் கட்டிய காவல் கோபுரம் ஒன்று இன்றும் அந்தக் கரையில் இருக்கிறது. திருடிப் பிடிபட்டவனுக்குப் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆடு மேய்க்கும் பையன் பசிக்கு ஒடித்துத் தின்ற ஒன்றை, கடலுக்கு அந்தப் பக்கம் காவல் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார்கள். துவர்ப்பு உள்ள பொருள் உடலின் திசுக்களைச் சுருங்கவைக்கும் என்பதால் அவர்கள் நம்பிக்கையில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காவலில் உணவு என்ற நினைப்பே அடிபட்டுப் போய்விட்டது. நூறு நோய்க்கு மருந்து என்று இன்றைக்கு இணையத்தில் தூளாகவும் மாத்திரையாகவும் விற்கிறவர்களைப் பார்க்கும்போதும் எனக்கு அதே வருத்தம்தான் வருகிறது. தர்தூத்தை மருந்தென்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு அது வசந்த காலத்துப் பண்டம். அந்த மரியாதை அதற்குப் போதும்.

சீனத்தின் மேற்கில் இதன் உடன்பிறப்பு இனம் ஒன்று இருக்கிறது, சுவோயாங் என்று பெயர். கான்சு மாகாணத்துக் குவாஜோவில், பட்டுப்பாதையில் இருந்த ஒரு பழைய கோட்டை நகரத்துக்கே சுவோயாங் நகரம் என்றுதான் பெயர். தாங் பேரரசின் தளபதி ஷுவே ரென்குய் அங்கே முற்றுகையில் சிக்கினார், உணவு தீர்ந்தபின் படை இந்தக் கிழங்கைத் தோண்டித் தின்று தாக்குப்பிடித்தது என்பது அங்கே வழங்கும் கதை. அந்த இடிபாடுகள் 2014-இல் பட்டுப்பாதை உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதியாகச் சேர்ந்தன. சுவோயாங்கை மாவோடு பிசைந்து அடை மாதிரி சுடும் வழக்கமும் அங்கே உண்டு. கேனரித் தீவுகளிலும் பஞ்சத்தில் இதைத் தின்றிருக்கிறார்கள். எங்கெல்லாம் பசி தரையைத் தோண்டவைத்ததோ அங்கெல்லாம் இது கைக்கு அகப்பட்டிருக்கிறது.

இனி அந்த இடத்துக்கே திரும்புகிறேன். அன்றைக்கு வேலைப் பழக்கத்தில் அந்தப் புதரின் ஆயத்தொலைவுகளைக் கருவியில் பதிந்து வைத்திருந்தேன். புள்ளிக்குத் 'தர்தூத் 1' என்று பெயர் கொடுத்தேன். மறுவருஷம் வஸ்ம் பொய்த்துவிட்டது, ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் நல்ல மழை. பெரியவரும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளம்பிப் போனோம். கருவி காட்டிய இடத்தில் புதர் இல்லை. வேரோடு பிடுங்கிய குழி மட்டும் இருந்தது, சுற்றிலும் டயர்த் தடங்கள். ரிம்த்தும் அர்த்தா என்கிற இன்னொரு பாலைவனப் புதரும் நன்றாக எரியும், அந்த நெருப்பில் காப்பி போட்டால் தனி மணம் என்று குளிர்காலத்தில் முகாம் போடுகிறவர்கள் தேடி எடுக்கிறார்கள். காட்டு மரத்தை விறகுக்கு வெட்டச் சவூதியில் தடை இருக்கிறது, அபராதமும் உண்டு. ஆனால் பாலைவனம் பெரிது.

குழியின் விளிம்பில் பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மணலைக் கொஞ்சம் அளைந்தார். கறுத்து உலர்ந்த ஒரு பழைய தண்டு கையில் வந்தது. அதை உடைக்காமல் திரும்ப அங்கேயே வைத்தார்.

பழைய அரபு அகராதிகளில் பதிவான ஒரு சொலவடை இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 'ரிம்த் இல்லாத தானூன்கள், அர்த்தா இல்லாத தர்தூத்கள்.' அடியோடு அழிந்து, மிச்சமென்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போன மக்களைப் பற்றி அப்படிச் சொல்வார்களாம். இரண்டு ஒட்டுண்ணிகளையும், அவை ஒட்டி வாழும் புதர்களையும் பெயரோடு அறிந்துவைத்திருந்த ஒரு சமூகம், புதர் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், ஆட்டின் பின்னால் நடந்தே தெரிந்துகொண்டது. புதருக்குப் பக்கத்தில் குனிந்து தேடும் கண்கள் இருந்தால்தான் அப்படி ஒரு சொலவடை பிறக்கும்.

அன்று நாங்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அரை மணி நேரம் நடந்ததில் இன்னொரு ரிம்த் கூட்டத்தில் ஆறேழு கிடைத்தன. பெரியவர் மூன்றை மட்டும் ஒடித்தார். அவற்றில் ஒன்று முற்றல், அதை என்னிடம் கொடுத்து, "உன் ஊருக்குக் கொண்டுபோ" என்றார். அறையில் வட்டம் வட்டமாக நறுக்கிச் செய்தித்தாளில் பரப்பி உலர்த்தினேன். முதலில் வெள்ளையாக இருந்தவை மறுநாளே பழுப்பேறி, நாலாம் நாள் காய்ந்த கருங்காலிச் சில்லு மாதிரி ஆகிவிட்டன.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு சில்லை எடுத்து முகர்ந்து பார்த்து, பல்லில் வைத்துக் கடித்தார். "துவர்க்குதுய்யா. முத்தின வாழக்கா மாதிரி இருக்கு." இலையே இல்லாமல் இன்னொரு செடியின் வேரைக் குடித்து வளர்வது என்று நான் விளக்கியபோது, அம்மாவுக்கு வந்த முதல் கேள்வி இதுதான். "ஏய்யா, அப்ப இது குடிக்கக் குடிக்க அந்தச் செடி வாடிப்போயிறாதா?"

வாடிவிடாது, இரண்டும் சேர்ந்தே வருஷக்கணக்காக இருக்கும், அந்தச் செடியை மனுஷன் பிடுங்கினால்தான் இரண்டும் போகும் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். நாலு சில்லை உரலில் இட்டு இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். தண்ணீர் மெல்லச் சிவந்தது. வெறுமனே குடிக்க மனம் வராமல் ஒரு துண்டு கருப்பட்டியும் தட்டிப் போட்டார். வடிகட்டி ஆளுக்கொரு தம்ளர் ஊற்றி வைத்துவிட்டு, "அந்தப் பெரியவருக்கு நம்ம கருப்பட்டி ஒரு சிப்பம் கொண்டுபோய்க் குடு" என்றார்.